பழைய ஃப்ரிட்ஜை விற்கப் போய் பேங்க் பணத்தைப் பறிகொடுக்காமல் இருக்க

ஓஎல்எக்ஸிலோ ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று விளம்பரம் போட்டால், பல நேரம் முதல் போனே மோசடி ஆளிடமிருந்துதான் வரும். வீடு காலி செய்கிறவர் அவசரத்தில் இருப்பார், பொருள் போனால் சரி என்றிருப்பார் என்று அவனுக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, விற்கிறவருக்குப் பயமே இருக்காது. பணம் தர வேண்டியது அவன், நம்மிடமிருந்து என்ன எடுத்துவிட முடியும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவன் பிடிப்பது இந்த இடத்தைத்தான்.

பணம் வருவதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவுமில்லை

யுபிஐ-யில் ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்ப உங்கள் மொபைல் எண், யுபிஐ ஐடி, க்யூஆர் கோடு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும். உங்கள் போன் ஆஃப் ஆகிக் கிடந்தாலும் பணம் கணக்கில் ஏறிவிடும். பின் நம்பர் கேட்கிறதென்றால் பணம் உங்களிடமிருந்து வெளியே போகிறது, அல்லது ஆட்டோபே மாதிரி பின்னால் பணம் எடுக்க அனுமதி தருகிறீர்கள், அல்லது பேலன்ஸ் பார்க்கிறீர்கள். நான்காவது காரணம் விற்பவருக்கு இல்லை. இப்போது சில ஆப்களில் சிறு தொகைக்குப் பின்னுக்குப் பதில் கைரேகையோ முகமோ போதும். அதனால் "பின் போட வேண்டாம் சார், சும்மா விரலை வையுங்கள்" என்றாலும் அதே பதில்தான்: வைக்காதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது க்யூஆர் கோடில். வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். "இதை ஸ்கேன் பண்ணுங்க, 12,000 உங்க அக்கவுண்டுக்கு வந்துடும்" என்பான். ஸ்கேன் செய்தால் திரையில் 12,000 என்று இருக்கும், கீழே "பணம் பெறுதல்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பார்க்கிறவருக்கு வரவு மாதிரியே தெரியும்.

அந்தக் கட்டத்துக்குள் இருப்பது ஒரு வரி எழுத்துதான். யாருக்குப் பணம் போக வேண்டும் என்ற யுபிஐ ஐடி, அவர் பெயர், தொகை, ஒரு சிறு குறிப்பு, முக்கியமாக இவைதான் அதில் இருக்கும். "பணம் பெறுதல்" என்பது அந்தக் குறிப்பில் அவனே தட்டச்சு செய்தது. வங்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின் கேட்கும் பக்கத்தில் உங்கள் வங்கியின் பெயர், தொகை, யாருக்குப் போகிறது என்ற பெயர் மூன்றும் இருக்கும். உங்கள் வங்கி, வேறொருவர் பெயர். இது எப்படி வரவாகும்? 2025 ஜூன் இறுதிக்குப் பிறகு, பணம் பெறுபவரின் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் ஆப்கள் காட்ட வேண்டும் என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ சொல்லியிருக்கிறது. எனவே போனில் தன்னை ராணுவ "மேஜர்" என்று சொல்லிப் பேசியவர், ஸ்கேன் செய்ததும் சம்பந்தமே இல்லாத ஒரு பெயரில் வந்து நிற்பார். அந்தப் பெயரைப் படிக்க இரண்டு நொடி எடுத்துக்கொள்ளுங்கள்.

"கலெக்ட்" என்ற பணக் கோரிக்கை முன்பு இதே வேலைக்குப் பயன்பட்டது. தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் கோரிக்கையை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ஆனால் கடைகள், நிறுவனங்கள் அனுப்பும் கோரிக்கை இன்னும் உண்டு. க்யூஆரும் லிங்கும் இருந்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஒரு வாசல் அடைபட்டது என்பதற்காக அசந்துவிட வேண்டாம்.

ராணுவத்துக்காரர் என்று சொல்லி வருபவர்

பல வருடமாக ஓடும் இந்தக் கதை இன்னும் செல்லுபடியாகிறது. ஏனென்றால் ராணுவ உடுப்பின் மேல் நம் எல்லோருக்கும் மரியாதை இருக்கிறது. இவர்கள் திருடுவது அந்த மரியாதையைத்தான்.

"நான் ஆர்மியில் இருக்கிறேன், சிஐஎஸ்எஃப்பில் இருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் ஆகி வருகிறேன்" என்று ஆரம்பிக்கும். ஆவடி, பரங்கிமலை, சூலூர் என்று முகாம் இருக்கும் ஊர்ப்பெயர் வரும். கேட்காமலேயே அடையாள அட்டை, கேன்டீன் கார்டு, ஆதார், உடுப்போடு போட்டோ எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். அட்டை உண்மையானதாகவே இருக்கலாம். முன்பு ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கும். "நேரில் வர பர்மிஷன் இல்லை, வண்டி அனுப்புகிறேன், பணம் இப்போதே" என்பதுதான் அடுத்தது. பிறகு, "எங்கள் ஆர்மி அக்கவுண்டில் வெரிஃபை பண்ண நீங்கள் முதலில் 5 ரூபாய் அனுப்புங்கள், 10 ரூபாயாகத் திரும்பி வரும்" என்பான். வரவும் வரும். அந்தப் பத்து ரூபாய் உங்களைப் பழக்குவதற்கான இரை. அடுத்து 12,000 அனுப்பினால் 24,000 வரும், நீங்கள் போட்டதும் பொருள் விலையும் அதில் சேர்ந்திருக்கும் என்று கணக்கு சொல்வான். அனுப்பியதும் "சிஸ்டத்தில் மாட்டிக்கொண்டது, இன்னொரு தடவை போட்டால் இரண்டும் சேர்ந்து ரிலீஸ் ஆகும்" என்பான். போன பணத்தை மீட்கத்தான் ஆட்கள் மேலும் மேலும் அனுப்புகிறார்கள். ஒரு தடவையோடு நிறுத்தியவர் குறைவு.

ஆளை அடையாளம் காண உடுப்பையோ அட்டையையோ பார்க்காதீர்கள். பொருளைப் பற்றி என்ன கேட்கிறான் என்று பாருங்கள். நிஜமாக ஃப்ரிட்ஜ் வாங்க வருகிறவர் எத்தனை லிட்டர், எந்த வருடம் வாங்கியது, கம்ப்ரசர் மாற்றியதா, பில் இருக்கிறதா என்று கேட்பார், வந்து கதவைத் திறந்து ரப்பரை அழுத்திப் பார்ப்பார், ஐந்நூறாவது குறைப்பார். பேரம் பேசாமல், பார்க்காமல், சொன்ன விலைக்கு உடனே பணம் போடுகிறேன் என்பவரிடம் பேச்சை வளர்க்க வேண்டியதில்லை. "நேரில் வந்து பார்த்து, பொருளை எடுக்கும்போது பணம் கொடுங்கள்" என்று ஒரே வரி. மோசடி ஆள் அதற்கு மேல் வரமாட்டான்.

"கூடுதலாக அனுப்பிவிட்டேன்"

இது வேறு வகை. 1,000 ரூபாய் அட்வான்ஸ் போடுவதாகச் சொல்வான். உங்கள் போனுக்கு 10,000 வரவு என்று எஸ்எம்எஸ் வரும். உடனே பதறிப்போய், "ஒரு சைபர் அதிகமாகிவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வைத்திருந்த பணம், 9,000 திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவான். எஸ்எம்எஸ் அவனே அனுப்பியது. கணக்கில் ஒரு பைசா ஏறியிருக்காது.

வங்கியின் எஸ்எம்எஸ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. வங்கியைக் குறிக்கும் எழுத்துகளாலான பெயரில்தான் வரும். 2025 முதல் அந்தப் பெயரின் கடைசியில் ஒரு எழுத்தும் சேர்கிறது: பரிவர்த்தனைக்கு டி (T), சேவைக்கு எஸ் (S), விளம்பரத்துக்கு பி (P), அரசுக்கு ஜி (G). ஆனாலும் எஸ்எம்எஸை ஆராய்ந்து தீர்ப்பு சொல்ல வேண்டிய தேவையே இல்லை. உங்கள் வங்கியின் சொந்த ஆப்பைத் திறந்து ஸ்டேட்மென்டைப் பாருங்கள். அதில் இல்லையென்றால் வரவில்லை.

ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இதே விதி. பச்சை டிக், சத்தம், தேதி, பரிவர்த்தனை எண் என்று அசலைப் போலவே காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. வீட்டு வாசலில் நின்று உங்கள் கண் முன்னாலேயே அனுப்புவதுபோல் நடிக்கவும் அவை போதும். "சர்வர் டவுன், அரை மணியில் ஏறிவிடும்" என்றால் அரை மணி காத்திருங்கள். நெஃப்ட் (வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை) என்றால் அரை மணிக்கு ஒருமுறை தொகுப்பாகப் போகும், கொஞ்சம் தாமதம் நியாயம்தான். ஆனால் அதுவரை பொருள் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். குட்டி யானையில் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு பணத்தைச் சரிபார்ப்பது வீண்.

நிஜமாகவே கூடுதல் பணம் வந்திருந்தால்? அப்போதும் அவன் சொல்லும் வேறொரு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், என் வங்கி மூலம் திரும்ப வரும்" என்று சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கோடு, லிங்க், ஆப்

"நீங்கள் உண்மையான ஆளா என்று பார்க்க ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறேன், சொல்லுங்கள்" என்றால் அது பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்பை அவன் போனில் திறக்கும் எண். சொன்னால், அடுத்த பத்து நிமிடத்தில் உங்கள் சொந்தக்காரர்களிடம் உங்கள் பெயரில் கடன் கேட்பான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போட்டு வையுங்கள்.

"கூரியர் புக் பண்ணியாச்சு, இந்த லிங்கில் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வரும் பக்கம் விற்பனைத் தளத்தின் நிறத்திலும் சின்னத்திலும் இருக்கும். கார்டு எண், பின்புறத்து மூன்று இலக்கம், ஓடிபி கேட்கும். பணம் வாங்க இவை மூன்றும் யாருக்கும் தேவையில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற திரைப்பகிர்வு ஆப்பைப் போடச் சொன்னாலும், வாட்ஸ்அப் வீடியோ காலில் ஸ்கிரீன் ஷேர் கேட்டாலும், ஏபிகே ஃபைல் (போனில் ஆப்பை நிறுவும் ஃபைல்) அனுப்பினாலும் அழைப்பைத் துண்டியுங்கள்.

விளம்பரம் போடும் முன்பு அரை மணி நேர வேலை

விற்பனைக்கென்று குறைந்த பணம் இருக்கும் ஒரு சேமிப்புக் கணக்கை வைத்து, அதன் க்யூஆரை மட்டும் காட்டுங்கள். சம்பளக் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டாம். யுபிஐ ஆப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு இருந்தால், பணம் பெறும் முதன்மைக் கணக்காக இதைக் குறியுங்கள். முடிந்தால் வங்கியோடு இணைக்காத எண்ணை விளம்பரத்துக்குக் கொடுங்கள். எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் மறைத்து, ஆப்பின் சாட்டிலேயே பேசுங்கள். "வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்று முதல் வரியிலேயே அவசரப்படுத்துபவர் அங்கே புகார் பட்டன் இருப்பதால்தான் அவசரப்படுகிறார். பில்லை போட்டோ போட்டால் அதிலுள்ள பெயர், முகவரி, போன் எண்ணை மறையுங்கள். இடத்துக்குப் பகுதிப் பெயர் போதும், கதவிலக்கம் வேண்டாம். "நேரில் பார்த்து எடுப்பவர்கள் மட்டும், ரொக்கமோ என் க்யூஆரோ" என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டால் பாதிப் பேர் வடிகட்டப்படுவார்கள்.

வயதான அப்பா அம்மா போனை எடுக்கும் வீடாக இருந்தால், விளம்பரம் போட்ட எண் யாருடையதோ அவர் மட்டுமே பேச வேண்டும் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். விவரம் தெரியாதவரைப் பேச வைத்து அதே அழைப்பில் ஸ்கேன் செய்ய வைப்பது அவர்களுக்குப் பழக்கம்.

பொருள் கைமாறும் அன்று பகலில் வரச் சொல்லுங்கள், வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். வாங்க வந்தவர் உங்கள் க்யூஆரை ஸ்கேன் செய்யட்டும். அவர் போனை நீங்கள் பார்க்கவே வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பில் தொகை, பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், அனுப்பியவர் பெயர் மூன்றையும் பாருங்கள்.

அந்தப் பெயரைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வேறொருவரிடம் ஏமாற்றிய பணத்தில் உங்கள் பீரோவை வாங்கினால், அந்தப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுக்கும்போது பணம் போன தடத்தில் உங்கள் கணக்கும் வரும். அந்தத் தொகையை வங்கி நிறுத்தி வைக்கலாம். வந்திருப்பவர் பெயரும் பணம் அனுப்பியவர் பெயரும் வேறாக இருந்தால் யாருடைய கணக்கு என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் ரொக்கம் கேளுங்கள். விளம்பரம், சாட், பில், வண்டி எண், "இன்ன பொருள் இன்ன விலைக்குப் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்திட்ட ஒரு துண்டுக் காகிதம், இவற்றை எடுத்து வையுங்கள். கணக்கு முடங்கினால் எந்த ஊர் போலீஸ், எந்தப் புகார் எண் என்று வங்கியிடம் கேட்டு, இந்த ஆதாரங்களை அந்த நிலையத்துக்கு அனுப்பித்தான் விடுவிக்க வேண்டியிருக்கும்.

பணம் போய்விட்டால்

மோசடி ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்காதீர்கள், உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏடிஎம்மில் எடுக்கும் முன் பிடித்தால்தான் நிறுத்த முடியும். உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை எண், தொகை, நேரம், அவனுடைய மொபைல் எண், யுபிஐ ஐடி எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பல தடவை அனுப்பியிருந்தால் ஒவ்வொன்றின் எண்ணும் வேண்டும். லைன் கிடைக்கவில்லையென்றால் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் (cybercrime.gov.in) தளத்தில் பதியுங்கள். அதோடு வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் சொல்லி யுபிஐ-யை முடக்குங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 2017 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், அவர் தெரிவிக்கும் வரை அவர் பொறுப்பு. தெரிவித்த பிறகு போனால் வங்கியின் பொறுப்பு. நீங்களே பின் போட்டதால் வங்கி கைவிரிக்கலாம். ஆனாலும் தெரிவித்த நேரம் பதிவாக வேண்டும். சாட்டை அழிக்காதீர்கள், அவன் எண்ணை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்தில் மனு கொடுக்கலாம்.

சில நாள் கழித்து, "உங்கள் புகார் எங்களிடம் இருக்கிறது, பணம் கிடைத்துவிட்டது, விடுவிக்க 2,500 கட்டுங்கள்" என்று போலீஸ் பெயரிலோ வக்கீல் பெயரிலோ அழைப்பு வரலாம். போன பணத்தைத் திருப்பித் தர காவல்துறை கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் முதல் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.