சர்க்கஸ் பாட்டு வாசிக்கப் போகும் தம்பிகளுக்கு

தமுக்கம் மைதானத்தில் சர்க்கஸ் போட்டால், பார் விளையாட்டு தொடங்கியதும் பேண்டில் ஊஞ்சல் ஆடுகிற மாதிரி ஒரு மெட்டு எடுப்பார்கள். அதைக் கல்யாண வரவேற்பில் கேட்கிற வீடுகள் இன்னும் உண்டு. ‘அந்த சர்க்கஸ் பாட்டு’ என்பார்கள். முப்பது வருஷமாக மதுரையில் கிளாரினெட் ஊதுகிறவன் என்ற உரிமையில், புதிதாக செட்டில் சேர்ந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

யார் போட்ட மெட்டு என்று யாராவது கேட்டால், வியன்னாக்காரர் ஸ்ட்ராஸ் என்று சொல்லி வைக்காதீர்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் சொன்னேன். போட்டவர் ஹுவெந்தினோ ரோசாஸ், மெக்சிகோக்காரர். 1868-ல் குவானஹுவாத்தோ மாநிலத்து சாந்தா குரூஸில், ஒத்தோமி பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா, அண்ணனோடு மெக்சிகோ நகரத் தெருக்களில் வயலின் வாசித்துப் பிழைத்தவர். நம்ம ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டின் பெயர் ‘சோப்ரே லாஸ் ஓலாஸ்’; ‘அலைகளின் மேலே’ என்று அர்த்தம். 1888-ல் அச்சானது. உரிமையை 45 பெசோவுக்கு விற்றுவிட்டார் என்பார்கள். அதற்குப் பிறகு உலகம் முழுக்க யார் யாரோ சம்பாதித்தார்கள்.

இனி வாசிப்பு. இது வால்ட்ஸ் என்கிற ஐரோப்பிய நடன மெட்டு, மூன்று எண்ணிக்கை. ‘தகிட, தகிட’ என்று சொல்லிக்கொள்ளுங்கள். தாளம் சுலபம்தான், ஆபத்தும் அங்கேதான். நம் குத்தும் திஸ்ரம்தானே, அதாவது மும்மூன்றாக எண்ணுவது! இரண்டு தகிடயைச் சேர்த்து வேகமாகத் தட்டினால் குத்து வந்துவிடும். ஒருமுறை கீழவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில், எங்கள் டிரம்காரர் எட்டாவது சுற்றிலேயே அங்கே வழுக்கிவிட்டார். மாப்பிள்ளையின் நண்பர்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பெண்ணின் தாத்தா என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால் ஒத்திகையில் முதல் நாள் டிரம் மட்டும். பெரிய டிரம் ‘த’வில் ஒரு அடி, அவ்வளவுதான். ‘கிட’ சைடு டிரமுக்கு, அதுவும் குச்சி நுனியால், மெதுவாக. உருட்டு வேண்டாம். யூஃபோனியமும் (கனத்த குரல் பித்தளைக் குழல்) பெரிய டிரமோடு ‘த’வில் மட்டும் ஊதி, மற்ற இரண்டுக்கும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாங்கள் சாயங்காலத்தில் தெப்பக்குளம் படிக்கட்டில் உட்கார்ந்து இப்படிப் பழகினோம். இரண்டு நாள் டிரம்காரர் முகம் கொடுத்தே பேசவில்லை.

டிரம் தாளத்தில் நிலைத்த பிறகுதான் மெட்டு. மேஜர் ஸ்கேல், அதாவது நமக்குச் சங்கராபரணம். ஆனால் அந்த ராகத்துக்கு வெளியே உள்ள அரைச்சுரங்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை நேராகத் தொட்டுவிட்டு விடுங்கள். கமகம் போட்டு, அதாவது சுரத்தை அசைத்து, இழுத்தால் ஊஞ்சல் நின்றுவிடும். கிளாரினெட் மெட்டைப் பிடிக்கட்டும், டிரம்பெட் இரண்டாம் சுற்றில் சேரட்டும். மூச்சு எடுப்பது வாக்கிய முடிவில் மட்டும். முழு உருப்படியில் முன்னிசையும் பல பகுதிகளும் உண்டு. நமக்கு எல்லாருக்கும் தெரிந்த அந்த ஒரு பகுதி போதும், இரண்டு தடவை.

ஊர்வலத்தில் இதை எடுக்காதீர்கள். நடக்கிற காலுக்கு இந்தத் தாளம் ஒட்டாது. ஒட்ட வைக்க வேகம் கூட்டினால் பழையபடி குத்துதான். மண்டப வாசலில் நின்று, பன்னீர் தெளிக்கிற நேரத்தில் வாசியுங்கள்.

ரோசாஸ் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய் வாசித்தார். அடுத்த வருஷம் குழுவோடு கியூபாவுக்குப் போனவர் அங்கே பதபானோவில் நோயில் படுத்து இறந்துபோனார். வயது 26. சொந்த ஊருக்கு இப்போது அவர் பெயரையே சேர்த்து வைத்திருக்கிறார்கள். பெண் வீட்டார் யாராவது வந்து ‘என்ன பாட்டுண்ணே?’ என்று கேட்டால், பெயரைச் சொல்லிவிட்டு அப்புறம் அடுத்த பாட்டுக்குப் போங்கள்.