லாக் ஃபைல் ஏன் காலியாகவே கிடந்தது

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு துணைப்பாட நிலையத்தின் உபுண்டு சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இரவு பேக்கப், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஓடும். ஆனால் நடந்ததைப் பதிய வேண்டிய லாக் எப்போதும் பூஜ்ஜியம் பைட். கிரானில் உள்ள அதே கட்டளை வரியை டெர்மினலில் ஒட்டினால் ஒழுங்காக எழுதுகிறது.

கோளாறு &> என்ற குறியில். டெர்மினலில் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லான பாஷில் அது வெளியீட்டையும் பிழையையும் சேர்த்து ஒரே ஃபைலுக்கு அனுப்பும். கிரானோ வரியை எஸ்ஹெச் (sh) என்ற ஷெல்லிடம் கொடுக்கிறது. உபுண்டுவில் அது 2006 முதல் டாஷ் என்ற வேறொரு ஷெல். டாஷுக்கு இந்தச் சுருக்கம் தெரியாது. & வரை உள்ளதைத் தனிக் கட்டளையாக எடுத்துப் பின்னணியில் தள்ளிவிடும். மிச்சமிருக்கும் > ஃபைலைத் திறந்து காலியாக்கிவிட்டுப் போய்விடும். தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாது, அதுதான் எரிச்சல்.

முதலில் > போட்டு லாக் பெயர், அதன்பின் 2>&1 என்று மாற்றினேன்; பின்னது, வெளியீடு போகும் இடத்துக்கே பிழையையும் அனுப்பும். வரிசை முக்கியம். ஷெல் இடமிருந்து வலமாகப் போவதால், 2>&1 முந்திக்கொண்டால் பிழை பழைய இடத்துக்கே போகும். கிரானுக்கான கட்டளைப் பட்டியலான கிரான்டேபின் தலையில் ஷெல்லை பாஷ் என்று அமைத்தாலும் நடக்கும். எந்த ஷெல்லிலும் ஓடுவதே எனக்குப் பிடிக்கும்.

லாக் பேசத் தொடங்கியதும் இன்னொன்றும் சிக்கியது. "தொடக்கநிலை 4" ஃபோல்டர் பேக்கப்பே ஆகவில்லை! பேக்கப் ஸ்கிரிப்டில், ஃபோல்டர் பெயரைத் தாங்கும் டாலர் குறி போட்ட மாறியைச் சுற்றி மேற்கோள் இல்லை. இடைவெளியில் பெயர் இரண்டாக உடைந்து, அப்படி ஃபைலே இல்லை என்று ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் டார் (tar) கட்டளை புலம்பியிருந்தது. இரட்டை மேற்கோள் போட்டதும் சரியானது. ஒற்றை மேற்கோள் உதவாது, அதற்குள் மாறி விரியாது.