மிளகாய்ப் பழம் எடுக்கும் மாதங்களில் என்ன சாப்பிடலாம்

சாயல்குடிப் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிற நாங்கள் காலையில் பழைய சோறு, வெங்காயம், ஒரு மிளகாய் வத்தல் என்று முடித்துக்கொள்வோம். வயிறு நிறையும், தெம்பு இருக்காது. பெரிய செலவில்லாமல் இதைச் சரிசெய்ய என் அடுப்படியில் நடப்பதைச் சொல்கிறேன்.

ரேஷன் அரிசியில் கொஞ்சம் நிறம் மாறித் தெரியும் மணிகளை 'பிளாஸ்டிக் அரிசி' என்று எங்கள் தெருவில் பொறுக்கி எறிவார்கள். எறியாதீர்கள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த மணிகள் அவை. ஊறவைத்தால் சிலது மிதக்கும், பயப்பட ஒன்றுமில்லை. அரிசியை ரொம்ப அலசாமல், தண்ணீரை அளவாக வைத்துப் பொங்குங்கள். வடிப்பதாக இருந்தால் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்துவிடுங்கள்.

அப்புறம் நெத்திலிக் கருவாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன்காரம்மா சொல்லும் விலை நம் கூலிக்குக் கட்டாது. அதனால் பங்குனியிலேயே கருவாடு வாங்கிவிடுங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூசணம் பிடிக்கும். தலையைக் கிள்ளி வெந்நீரில் பத்து நிமிடம் போடுங்கள். மண் அடியில் தங்கிவிடும், கருவாட்டை மேலாக அள்ளுங்கள். சட்டியோடு கவிழ்த்தால் மண்ணும் கூடவே வரும். இன்னொரு தடவையும் இப்படியே அலசினால் உப்பு குறையும். நல்ல வெயிலில் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென வறுத்து, பொட்டுக்கடலை, பூண்டு, ரெண்டு முண்டு (குண்டு மிளகாய்) வத்தலோடு நைசாக இடியுங்கள். முள்ளும் சேர்ந்தே இடிபடுவதால் கால்சியம் வீணாகாது. பிள்ளைகளுக்கு வத்தல் சேர்க்காமல் தனியாக இடித்துக்கொள்ளுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கு இது வேண்டாம்.

ரேஷன் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்தான். அதைத் தண்ணிச் சாம்பாராக நீட்டாமல் முருங்கைக்கீரையோடு கெட்டியாகக் கடையுங்கள். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். டீ அதைத் தடுக்கும். மிளகாய்க் கொல்லைக்கு டீ வாளி வருவது சரியாகச் சோற்று நேரத்துக்குத்தான், என்ன செய்ய! ஒரு மணி நேரம் தள்ளிக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பரிமாறும் முன்பே பழம் எடுக்கப் போகும் பெண்ணின் தூக்குவாளியில் பருப்பையும் கருவாட்டுப் பொடியையும் போட்டு மூடிவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சட்டியில் ரசம்தான் மிச்சம் இருக்கும்.