மேற்கு மாம்பலத்தில் ஃபிளாட் பார்க்கிறீர்களா? முதலில் ஏரியைத் தேடுங்கள்

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். குடியிருப்பது ஆரிய கவுடா ரோட்டுக்குப் பக்கத்தில். மாம்பலத்தில் வீடு தேடும் சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் பத்திர நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவார்கள். எல்லோரும் முதலில் கேட்பது, "சதுர அடி என்ன விலை போகுது, மாமி?" விலையைக் கடைசியில் கேளுங்கள் என்பேன். அந்த மண் முன்பு என்னவாக இருந்தது, இப்போது அதில் உங்கள் பங்கு எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் சொல்கிற விலை நியாயமா என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி இருந்தது. பழைய மெட்ராஸ் வரைபடங்களில் 'லாங் டேங்க்' என்று போட்டிருக்கும். 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், மாம்பலம் பகுதி ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். பிட்டி தியாகராயர் பெயரில் ஊர், பனகல் அரசர் பெயரில் பூங்கா. நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியிருந்த ஏரிப் பகுதியில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. ரயில் பாதைக்கு மேற்கே இருக்கும் நாம் அந்த ஏரியின் கரையோரக்காரர்கள். லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஏரி போய்விட்டாலும் தண்ணீர் வழியை மறக்கவில்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் தெருக்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இந்தப் பகுதி நீரை வாங்கிக்கொண்டு நந்தனம் பக்கம் அடையாற்றில் விடுவதற்கு முக்கியமாக இருப்பது மாம்பலம் கால்வாய்தான்.

ஆகவே வீட்டுக்குள் போவதற்கு முன் தெருவில் நடங்கள். வாசல் கேட்டில் நின்று சாலை உயரத்தைப் பாருங்கள். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயர்ந்து, பழைய வீடுகளின் வாசல் பள்ளத்தில் கிடக்கும். பிறகு ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பாருங்கள். இடுப்பளவில் இருந்த பெட்டியைத் தலைக்கு மேல் ஏற்றி, பழைய இடத்தில் சிமென்ட் பூசின திட்டு தெரிந்தால், அந்தக் கட்டடத்துக்குள் தண்ணீர் வந்திருக்க வாய்ப்பு அதிகம். புது பெயின்ட் சுவரை மறைக்கும், மீட்டர் பெட்டியின் இடமாற்றத்தை மறைக்க முடியாது. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் வாட்ச்மேனிடமும் "2015லயும் 2021லயும் இங்க எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

அடுத்தது காகிதம். பத்திரத்தில் இருக்கும் டி.எஸ். நம்பரையும் (டவுன் சர்வே எண்) பிளாக் நம்பரையும் வைத்து அரசின் இ-சேவை தளத்தில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுங்கள். நிலம் யார் பெயரில், என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று அதில் தெரியும். புறம்போக்கு, வாய்க்கால் என்ற சொல் எங்கே தென்பட்டாலும் அங்கேயே நிறுத்திக்கொண்டு வக்கீலிடம் போங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் 1975 முதல் நீங்களே பார்க்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அலுவலக எல்லைகள் மாறியிருக்கும் என்பதால், அந்த இடம் முன்பு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்ததோ அங்கேயும் தேடச் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் நான் கறார்: அசல் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது. பதிவு செய்யாமல் பத்திரத்தை எங்காவது வைத்து வாங்கிய கடன் வில்லங்கத்தில் வராது.

இப்போது சந்தை. மேற்கு மாம்பலத்தில் காலி மனை கிடையாது. நடப்பதெல்லாம் பழைய ஃபிளாட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதுதான். 2019இல் வந்த கட்டட விதிகளில் சாதாரண உயரக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனை அளவைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5இலிருந்து 2 ஆனது. அது முக்கியமான காரணம். ஓர் உதாரணம்: 2 கிரவுண்ட், அதாவது 4,800 சதுர அடி மனையில் 8 ஃபிளாட். ஒவ்வொருவருக்கும் யூ.டி.எஸ்., அதாவது மனையில் பிரிக்கப்படாத பங்கு, 600 சதுர அடி. பழைய கணக்கில் 7,200 சதுர அடி கட்டியிருப்பார்கள், ஆளுக்கு 900. இப்போது 9,600 கட்டலாம். கூடுதலாக வரும் அந்த 2,400 சதுர அடியை விற்றுத்தான் பில்டர் செலவையும் லாபத்தையும் எடுக்க வேண்டும். முன்பே விதியை மீறி ஒரு மாடி ஏற்றியிருந்தால் அந்தக் கூடுதலே இருக்காது, எந்த பில்டரும் வரமாட்டார். அதனால் அனுமதி வரைபடத்தையும் நிற்கிற கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரே 900 சதுர அடி ஃபிளாட் இரண்டு, ஒன்றுக்கு யூ.டி.எஸ். 600, இன்னொன்றுக்கு 400 என்றால் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள். பத்திரத்தின் ஷெட்யூலில் எண் தெளிவாக இருக்கும். எல்லா வீட்டு யூ.டி.எஸ்.ஸையும் கூட்டினால் மனையின் மொத்த அளவு வர வேண்டும். வராவிட்டால் மீதி யாரிடம் என்று கேளுங்கள்.

பழைய வீட்டை 'எப்படியும் இடிப்பாங்க' என்ற நம்பிக்கையில் வாங்குகிறவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டு வாங்குங்கள். 2022ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் என்று ஒருவரே பிடித்து வைத்திருந்த காலம் மாறியது மிக நல்ல விஷயம்.

புதுக் கட்டடத்தில் வாங்குகிறவர்களுக்கு வேறு எச்சரிக்கை. மனை 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் 8க்குள் என்றால் ரெரா, அதாவது வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவு கட்டாயமில்லை. 2 கிரவுண்ட் சுமார் 446 சதுர மீட்டர்தான். நம் தெருக்களில் எழும்பும் சின்னக் கட்டடங்கள் பல அந்தப் பாதுகாப்புக்கு வெளியே இருப்பதால், சாவி தரும் தேதி, தாமதமானால் மாத வாடகை எவ்வளவு தருவார் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

பதிவுச் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். கைமாறும் பழைய ஃபிளாட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. பில்டரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் புதிய ஃபிளாட்டுக்கு, 2023 டிசம்பரில் வந்த கூட்டு மதிப்பு முறையில் (நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடுவது), 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 5. பதிவுக் கட்டணம் அதே 2. 80 லட்சத்துக்குப் பழையதற்கு 7.2 லட்சம், புதியதற்கு 5.6 லட்சம். பழைய ஃபிளாட்டுக்குப் பேரம் பேசும்போது இந்த வித்தியாசத்தையும் தயங்காமல் எடுத்து வையுங்கள்.