தொட்டி ஆமைக்கும் வளர்ப்புப் பாம்புக்கும் நாம் தெரியாமல் இழைக்கும் தவறுகள்

வண்ணமீன் கடைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் பலர், மீனோடு சேர்த்து ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிய பச்சை ஆமைக்குஞ்சு ஒன்றையும் வாங்கி வந்துவிடுகிறார்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை ஓடும் அந்த ஆமைக்கு ரெட் இயர்டு ஸ்லைடர் என்று பெயர். அதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. நன்றாகப் பராமரித்தால் பெண் ஆமையின் ஓடு 25 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடும், ஆயுளும் 30 ஆண்டுகள் வரை நீளும். கைக்குள் அடங்கும் குஞ்சைப் பார்த்து இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. அதைவிடப் பெரிய தவறு, அதை மீனைப் போலவே வளர்ப்பது. ஆமையும் பாம்பும் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ள முடியாதவை. செரிமானம், நோய் எதிர்ப்பு, எலும்பு வளர்ச்சி ஆகிய மூன்றுக்கும் அவை வெளி வெப்பத்தையே நம்பியிருக்கின்றன.

என் அக்கா வீட்டு ஆமை இரண்டாம் ஆண்டில் திடீரென உணவை மறுத்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது இமைகள் வீங்கிக் கண்கள் மூடியிருந்தன. ஓட்டின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தினால் நனைந்த அட்டையைப் போல வளைந்தது. "தொட்டி சன்னல் ஓரத்தில்தானே இருக்கிறது, காலை முழுவதும் வெயில் படுகிறதே" என்று அக்கா கேட்டாள். சன்னல் கண்ணாடி மூடியிருந்ததுதான் சிக்கல். சூரிய ஒளியில் உள்ள யூவிபி எனும் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் ஆமையின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாவிட்டால் உண்ணும் சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேராது. வெளிச்சத்தை உள்ளே விடும் கண்ணாடி, யூவிபி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. ஊர்வனவற்றுக்கென்று விற்கும் யூவிபி குழல் விளக்கைத் தொட்டிக்கு மேலே, நடுவில் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் பொருத்த வேண்டும். விளக்கு தொடர்ந்து எரிந்தாலும் யூவிபி வெளிப்பாடு நாளடைவில் குறைந்துவிடும் என்பதால், தயாரிப்பாளர் குறித்துள்ள காலத்தில், பொதுவாக 6 முதல் 12 மாதங்களுக்குள், மாற்றிவிடுவது அவசியம். மொட்டை மாடியில் நேரடி வெயில் காட்டலாம். ஆனால் சிறு தொட்டியில் சித்திரை வெயிலில் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனால் தண்ணீர் சூடேறி ஆமை இறந்துவிடும். பாதித் தொட்டிக்காவது நிழல் இருக்க வேண்டும், நாமும் அருகில் இருக்க வேண்டும்.

கண் வீக்கத்துக்குக் காரணம் வேறு. கடையில் கொடுத்த காய்ந்த இறாலைத் தவிர அந்த ஆமை வேறெதையும் தின்றதில்லை. அதில் வைட்டமின் ஏ போதாது. குஞ்சுப் பருவத்தில் புழு, சிறு மீன் போன்ற அசைவ உணவு மிகுதியாகத் தேவைப்படும் இந்த ஆமை, வளர வளரத் தாவர உணவுக்கு மாறும். தரமான ஆமைத் தீவனத்தை அடிப்படையாக வைத்து, கேரட் துருவல், நீர்த் தாவரங்கள், முள்ளோடு கூடிய சிறு மீன் ஆகியவற்றையும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். பசலைக்கீரையை அன்றாடம் கொடுப்பது நல்லதன்று. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது.

கணுக்கால் அளவுத் தண்ணீரில் கூழாங்கல்லைப் போட்டு வைப்பதையும் பல வீடுகளில் பார்க்கிறேன். நீந்துவதற்கு ஆழம் வேண்டும். உடல் முழுவதும் உலரும்படி ஏறிப் படுக்க ஒரு மேடையும், அந்த மேடையின் மேல் 30 முதல் 32 டிகிரி வரை வெப்பமும் வேண்டும். உலர இடமில்லாத ஆமையின் ஓட்டில் பூஞ்சையும் அழுகலும் பிடிக்கும். ஓடு பளபளக்க எண்ணெய் தடவுவதும் வண்ணம் பூசுவதும் கேடு விளைவிக்கும்; ஓடு என்பது உயிருள்ள எலும்பு. மீனைவிட ஆமை மிகுதியாகக் கழிவிடுவதால், தொட்டியின் அளவுக்குப் பரிந்துரைக்கும் வடிகட்டியைவிட இரு மடங்கு திறனுள்ளதை வாங்குவதே சரி.

தொட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். சிறுவர்கள் நோயுற்றதை அடுத்து, 4 அங்குலத்துக்கும் குறைந்த ஆமைகளை விற்பதற்கு அமெரிக்கா 1975இல் தடை விதித்தது. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் தொடாமலிருப்பதே பாதுகாப்பு. இன்னொன்று: நாய்க்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஐவர்மெக்டின் பூச்சி மருந்து ஆமைக்கு நஞ்சு. நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒரு துளி மருந்தே அதைக் கொன்றுவிடக்கூடும்.

ஆமை பெரிதாகித் தொட்டி போதாமல் போகும்போது, ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத் தொடங்கும்போது, அதைக் கோயில் குளத்தில் விட்டுவிட்டுப் புண்ணியம் தேடிக்கொண்டதாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இது பெருந்தவறு. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் உள்ளது. நம் குளத்துப் பால் ஆமைகளின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். வளர்க்க இயலாதவர்கள் வேறொரு பொறுப்பான வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம், அல்லது விலங்கு மீட்பு அமைப்புகளை அணுகலாம். பால் ஆமை, நட்சத்திர ஆமை ஆகிய நம் நாட்டு இனங்களை வீட்டில் வைத்திருப்பதோ 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பாம்பு வளர்க்க விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியதும் இந்தச் சட்டத்தைத்தான். சாரை, மண்ணுளி, நாகம் என நம் நாட்டுப் பாம்பு எதையும் பிடித்து வைத்திருக்க அனுமதியில்லை. வீட்டுக்குள் வந்த பாம்பைக் கூடையில் அடைத்து இரண்டு நாள் வேடிக்கை பார்ப்பதும் உயிருக்கு ஆபத்து. வளர்ப்போர் வைத்திருப்பது பெரும்பாலும் பால் பைத்தான் (Ball python, பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு) போன்ற வெளிநாட்டு இனங்களே. அது பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடான சைட்டிஸ் பட்டியலில் இருப்பதால், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உரிய ஆவணம் இல்லாமல் விலை குறைவாகக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள்.

பாம்புக்குப் பால் வைப்பது நம்மிடம் ஆழப் பதிந்துவிட்ட பழக்கம். பாம்பு பாலூட்டி அன்று. பாலைச் செரிக்கும் திறன் அதற்கு இல்லை. தாகத்தால் தவிக்கும்போது எதையும் குடிக்கும், பிறகு நோயுறும். பால் பைத்தானுக்கு உறைய வைத்து, பின் முழுவதுமாக உருகவைத்து வெதுவெதுப்பாக்கிய எலியே பொருத்தமான இரை. உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விட்டால், பசியில்லாத பாம்பை அந்த எலி கடித்துக் குதறிவிடும். இரை விழுங்கிய பாம்பை இரண்டு நாள் கையில் எடுக்கக் கூடாது, எடுத்தால் கக்கிவிடும்.

பெட்டியின் ஒரு முனை 31 முதல் 33 டிகிரி வரையிலும் மறுமுனை 26 முதல் 28 டிகிரி வரையிலும் இருந்தால், பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தேர்ந்துகொள்ளும். இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள மறைவிடம் வேண்டும். வெப்பத்தை அளவோடு கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இணைக்காத வெப்பத் தகடு பாம்பின் வயிற்றைச் சுட்டுவிடும். ஈரப்பதம் குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்ணின் மேல் படலம் தங்கிவிடும். அதை நகத்தால் கிள்ளி எடுக்க முயன்றால் கண்ணே பாழாகும். பால் பைத்தான் சில வாரங்கள், சில வேளை மாதக்கணக்கில் கூட உணவை மறுக்கும். அப்போது வாயைத் திறந்து திணிக்காமல், வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து சரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டு செல்லுங்கள். அப்படிப்பட்ட மருத்துவர் உங்கள் ஊரில் எங்கே இருக்கிறார் என்பதை, பாம்பையோ ஆமையையோ வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.