பழைய எச்.எம்.டி. வாட்ச் வாங்கப் போகிறீர்களா?

முதலில் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். என் அப்பாவின் ஜனதா மாடல் வாட்ச், பெங்களூர் அல்சூர் வீட்டில், ரேஷன் கார்டு வைக்கும் தகரப்பெட்டிக்குள் 11 வருஷம் கிடந்தது. அவர் அதைக் கட்டிய நாட்களில், காலையில் காபிக்கு முன்னால் அவர் அதற்குச் சாவி கொடுக்கிற சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். அப்படி ஒரு வாட்ச் கிடைத்தால் கணக்கே பார்க்காதீர்கள். வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொடுத்துக் கழுவி எண்ணெய் போட்டு ஓடவையுங்கள், போதும். டயல் பழுத்திருந்தாலும் தயவுசெய்து புது பெயின்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள். அப்பா பார்த்த முகம் போய்விடும்.

கடையில் வாங்குவது வேறு. எந்த மாடல் என்பதை மனசு சொல்லட்டும். அந்த மாடலில் எந்த வாட்ச் என்பதைக் கண்ணும் காதும்தான் சொல்ல வேண்டும். பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு ஞாயிறு சந்தையில் நான் இதைத் தலைகீழாகச் செய்தேன். மாமா கட்டியிருந்த மாதிரியே ஒரு பைலட் மாடலைப் பார்த்ததும் மூடியைக்கூடத் திறக்காமல் பணத்தை நீட்டிவிட்டேன். வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் மசிந்திருந்தது. டயல் மறுபடி அச்சடித்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

1961-ல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து நம்ம பெங்களூரில் தொடங்கிய வாட்ச் இது. 2016-ல் எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. பழைய மாடல்களில், பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து ஒட்டுப்போட்டவை நிறையச் சுற்றுகின்றன. ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. அருங்காட்சியகம் இருக்கிறது. அசல் டயல்களை அங்கே நிதானமாகப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொண்டு பிறகு சந்தைக்குப் போங்கள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, நிமிஷக் கோடுகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்று பாருங்கள். பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். சாவி கொடுக்கும் திருகின் தண்டு நுழைகிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். திறக்க மறுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

பிறகு காதில் வையுங்கள். ஜனதா மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. எல்லாம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். ஒன்று நீளம், ஒன்று குட்டை என்று நொண்டினால் வேலை இருக்கிறது. சர்வீஸ் கூலியையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் அன்றைக்கே வாங்காதீர்கள். ஒரு வாரம் போகட்டும். அந்த வாட்சை நினைத்தால் ஒரு ஆளின் கை ஞாபகம் வருகிறதா, இல்லை 'மலிவாச்சே' என்பது மட்டும்தானா? மலிவு மட்டும் என்றால் விட்டுவிடுங்கள். என் டிராயரில் அப்படி வாங்கிய ஆறு தூங்குகின்றன.

வாங்கிய பின் தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். விரலுக்குக் கெட்டியாகத் தட்டுப்பட்டதும் நிறுத்திவிடுங்கள். நான் காபிக்கு முன்னால் கொடுக்கிறேன்.