என்எச்எல் சர்வதேச விதிகளுக்கு மாறலாமா? ஆட்டத்தைப் பார்த்து முடிவு செய்யும் முறை

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல், சர்வதேச ஐஸ் ஹாக்கி விதிகளை ஏற்றால் ஆட்டம் வேகமெடுக்குமா என்று ஆராய விரும்புபவர், களத்தின் அளவையும் விதிகளையும் முதலில் தனித்தனியே பிரித்துக்கொள்ள வேண்டும். என்எச்எல் களத்தின் அகலம் 85 அடி. ஐரோப்பாவில் நெடுங்காலமாக வழக்கிலிருக்கும் பெரிய களத்தின் அகலம் 30 மீட்டர், அதாவது ஏறத்தாழ 98 அடி. இந்தக் கூடுதல் இடமே ஆட்டத்துக்கு விறுவிறுப்பூட்டும் என்று பலர் நம்புகிறார்கள்; அதைச் சோதிக்காமல் ஏற்க வேண்டாம்.

சோதிப்பதற்கு, பெரிய களத்தில் நடந்த 2014 சோச்சி ஒலிம்பிக்கின் கனடா–லாத்வியா காலிறுதியைப் பாருங்கள். கண்கள் பக்கின் (மட்டையால் அடிக்கும் வட்டத் தட்டின்) பின்னாலேயே ஓடாமல், தற்காக்கும் ஐவர் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். கனடா கோலை நோக்கி 57 முறை அடித்தும், லாத்வியக் கோல்காப்பாளர் கிறிஸ்டர்ஸ் குட்லெவ்ஸ்கிஸ் அவற்றில் 55ஐத் தடுத்துவிட்டார். கனடா 2-1 என்றுதான் வெல்ல முடிந்தது. அந்தத் தொடரின் 6 ஆட்டங்களிலும் சேர்த்து கனடாவுக்கு எதிராக விழுந்த கோல்களும் மூன்றே. அகலம் கூடும்போது பெரும்பாலும் ஓரங்களில்தான் இடம் கூடுகிறது. அங்கிருந்து அடிப்பவருக்குக் கோலின் கோணம் குறுகிவிடுவதால், தற்காப்பவர்கள் அந்த இடத்தைத் தாராளமாக விட்டுக்கொடுத்து நடுவில் அடைத்து நிற்கலாம்.

விதிகளின் விளைவை அறிய, களம் மாறாமல் விதி மட்டும் மாறிய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பகுதியிலிருந்து நடுச் செங்கோட்டைத் தாண்டிப் பாஸ் கொடுப்பதற்கு இருந்த தடையை, சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு 1998இல் நீக்கியது. என்எச்எல் 2005–06 பருவத்தில்தான் நீக்கியது. அதற்கு முன்னும் பின்னும் நடந்த ஆட்டங்களை ஒப்பிடும்போது, இழுத்துப் பிடிப்பதையும் மட்டையால் கொக்கி போடுவதையும் நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியதும் அதே பருவத்தில்தான் என்பதை மறக்கக் கூடாது. என் கணிப்பில், வேகத்துக்குப் பெரிய காரணம் அந்தக் கண்டிப்பே.

வீரர்களின் பாதுகாப்பைத் தனியாக எடைபோடுங்கள். தன் பாதியிலிருந்து எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பக்கை அடித்துவிடுவது ஐசிங். என்எச்எல்லின் அன்றைய விதிப்படி, தற்காப்பவர் ஓடிச்சென்று அதை முதலில் தொட்டால்தான் ஆட்டம் நிற்கும். அப்படித் துரத்தி ஓடிய தற்காப்பு வீரர் ஜோனி பிட்கானனின் குதிகால் எலும்பு 2013 ஏப்ரலில் நொறுங்கியது. அதன்பின் அவர் என்எச்எல்லில் ஆடவே இல்லை. அடுத்த பருவத்தில்தான் ஐசிங் விதி திருத்தப்பட்டது. சர்வதேச ஆட்டங்களில் அப்போதே துரத்தல் இல்லாத விதி நெடுநாளாக இருந்தது. கைகலப்பில் இறங்குபவரைச் சர்வதேச விதி வெளியேற்றிவிடுகிறது. என்எச்எல்லில் அவர் வழக்கமாக 5 நிமிடத் தண்டனையோடு திரும்பிவிடுகிறார். களத்தை அகலப்படுத்த முன்வரிசை இருக்கைகளை இடிக்க வேண்டும். கைகலப்பவரை வெளியேற்றும் விதியை ஏற்க எதையும் இடிக்க வேண்டியதில்லை என்பதால், முதலில் இதையே கேட்க வேண்டும்.